எக்ஸாஸ்ட் வால்வு வேலை செய்யவில்லையா? சைலன்சரை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

எக்ஸாஸ்டில் வால்வு உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வொர்க்ஷாப் பக்கம் போங்கள். பின்பக்க சைலன்சர் மொத்தமும் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லி என்னிடம் பெரிய பில் ஒன்றைத் தீட்டினார்கள். உண்மையில் போயிருந்தது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ். அதைவிடப் பெரிய கூத்து, புதுசு என்று பில் போட்ட சைலன்சர் புதுசே இல்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கோளாறு இதுதான். காலையில் வண்டியை எடுத்தால் நார்மல் மோடில் அமைதியாக இருக்கும். கொஞ்ச தூரம் ஓடி எல்லாம் சூடானதும், மோடை மாற்றாமலே ஸ்போர்ட் மோடு போல உறும ஆரம்பித்துவிடும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஓயாத ரீங்காரம். பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் சத்தம் குறையாது. வண்டி ஆறிவிட்டால் மறுபடியும் சமர்த்துப் பிள்ளை.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே நடந்தது என்பது புரியும். பின் சைலன்சரில் புகைக்கு இரண்டு வழிகள். ஒன்று சுற்றிச் சுற்றிப் போய்ச் சத்தத்தைக் குறைக்கும் வழி, இன்னொன்று நேர்வழி. நேர்வழியில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அது மூடினால் அமைதி, திறந்தால் உறுமல். தகட்டைத் திருப்புவது சில கார்களில் மின்மோட்டார், சில கார்களில் வேக்கம். என்னுடையது வேக்கம் வகை. இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் ஒரு சிறிய டேங்கில் சேர்ந்து, சோலனாய்டு என்ற மின்சாரத் திறப்பான் வழியாக மெல்லிய ஹோஸில் பின்னால் போய், தகட்டை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும். தகடு மூடும். வேக்கம் போனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளித் தகட்டைத் திறந்துவிடும். இந்த வகைக் கார்கள் பலவற்றில் எது பழுதானாலும் வால்வு திறந்த நிலைக்கே போகும். கார்வெட் சி6 இசட்06 வைத்திருப்பவர்கள் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எப்போதும் உறுமலோடு ஓட்டுவது இதனால்தான்.

இப்போது வொர்க்ஷாப்பில் சொன்னதைக் கேளுங்கள். ஸ்கேனரை மாட்டிவிட்டு வந்த அட்வைசர், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "சார், வால்வு மூடின நிலைல ஜாம் ஆயிருக்கு. புகை வெளிய போக முடியாம பேக் பிரஷர் ஏறுது. இப்படியே ஓட்டினா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகிடும், அப்புறம் இன்ஜினே போயிடும்" என்றார். வண்டி அதிகமாகச் சத்தம் போடுகிறது என்றுதானே வந்திருக்கிறேன், மூடி ஜாம் ஆனால் சத்தம் குறையத்தானே வேண்டும் என்று கேட்டேன். ஒரு நொடி விழித்தார். "அது இப்ப வர்ற புது டெக்னாலஜி சார், அப்படித்தான்" என்று சமாளித்தார். புது டெக்னாலஜியாம்! 1991இல் வந்த மிட்சுபிஷி 3000ஜிடி விஆர்-4 காரிலேயே டூர், ஸ்போர்ட் என்று எக்ஸாஸ்டுக்குத் தனி சுவிட்ச் இருந்தது.

சரி, ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடின் பிரிண்ட்டைக் கொடுங்கள் என்றேன். அழித்துவிட்டார்களாம். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். என் காரின் வால்வில் நிலையைச் சொல்லும் சென்சாரே கிடையாது. தகடு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, ஜாம் ஆகியிருக்கிறதா என்று ஈசியுவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு, தெரிய வழியே இல்லை. சோலனாய்டின் கம்பிச்சுருள் அறுந்தாலோ வயர் ஷார்ட் ஆனாலோ அது கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். ஹோஸ் கிழிந்தாலும் தகடு துருப்பிடித்தாலும் ஸ்கேனர் வாயைத் திறக்காது. ஆக, 'வால்வு ஜாம்' என்ற கோட் அந்தக் காரில் வரவே முடியாது. இது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அன்றைக்கு வேறொரு வேலையும் இருந்ததால் அவர்கள் கேட்ட மாதிரி சைலன்சரை மாற்றச் சம்மதித்துவிட்டு வந்தேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். இரவு முழுக்க அங்கேயே நின்ற வண்டியைக் காலையில் என் முன்னால் ஸ்டார்ட் செய்து, "பாருங்க சார், எவ்வளவு சைலன்ட்!" என்று காட்டினார்கள். ஆறின வண்டி எப்போதுமே அமைதிதான், அதுதான் என் புகாரே. பில்லைக் கட்டிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் பழையபடி உறுமல். போன் செய்தால், புது சைலன்சர் செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். அடுத்த முறை பேசியபோது சோலனாய்டும் போயிருக்கலாம், கொண்டு வாருங்கள், எஸ்டிமேட் போடலாம் என்றார்கள். எஸ்டிமேட் என்ற சொல்லைக் கேட்டதும் வேறு ஆளைத் தேடினேன்.

நண்பர் ஒருவர் காட்டிய தனி மெக்கானிக்கிடம் போனேன். பெரியவர், அதிகம் பேசமாட்டார். ஸ்கேனரை எடுக்கவே இல்லை. இன்ஜின் சூடாகும் வரை ஓடவிட்டுப் பின்பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். நார்மல் மோடில் ஓர் இடத்தில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய இரைச்சல், ஐடிலிங்கும் லேசாகத் தடுமாறியது. பட்டனை ஸ்போர்ட்டுக்கு மாற்றச் சொன்னார். இரைச்சல் நின்றது, ஐடிலிங்கும் சீரானது. "சோலனாய்டு நல்லா இருக்குப்பா, அதுக்குப் பின்னாடிதான் காத்து இழுக்குது" என்றார். ஸ்போர்ட் மோடில் சோலனாய்டு வேக்கத்தை அடைத்துவிடுவதால் அதற்குப் பின்னால் இருக்கும் ஓட்டை இன்ஜினைப் பாதிக்காது. ஒரு பட்டனை வைத்தே பாதிக் கோளாறைப் பிடித்துவிட்டார் மனுஷன்.

வண்டி ஆறியதும் லிஃப்ட்டில் ஏற்றி, ஆக்சுவேட்டரில் கையால் இயக்கும் வேக்கம் பம்ப்பை மாட்டினார். இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே போய்த் தகடு முழுதாக மூடியது. பம்ப்பின் முள்ளை 20 அங்குலப் பாதரச அளவில் நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார். முள் அசையவில்லை. விட்டதும் ஸ்பிரிங் டக்கென்று தகட்டைத் திறந்தது. இரண்டு பக்கமும் அதே மாதிரி. இந்தச் சோதனை சொல்லும் சேதி எளிது: முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிசல். முள் நின்றும் கம்பி அசையாவிட்டால் தகடு ஜாம். இரண்டும் சரியாக இருந்தால் குற்றவாளி முன்னால் இருக்கிறான். என் கார் விஷயத்தில் அவன் ஹீட் ஷீல்டுக்குப் பின்னால் வளைவில் ஒளிந்திருந்தான். ரப்பர் பிஸ்கட் போலக் காய்ந்து, வளைவின் வெளிப்பக்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. ஆறியிருக்கும்போது இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும், சூடேறினால் பிளக்கும். சுவர் தடித்த வேக்கம் ஹோஸாகப் பார்த்துப் போட்டார். மெல்லிய சிலிக்கான் ஹோஸ் வெப்பத்தைத் தாங்கினாலும் உறிஞ்சலில் சப்பிப்போய் அடைத்துக்கொள்ளுமாம். அன்றிலிருந்து வண்டி எவ்வளவு சூடானாலும் பட்டன் சொன்னபடி கேட்கிறது.

லிஃப்ட்டில் இருக்கும்போதே, "இதுவா புது சைலன்சர்?" என்று கேட்டார். டார்ச் அடித்துக் காட்டினார். வெள்ளிநிற ஹீட் பெயின்ட்டைப் பளபளவென்று அடித்திருந்தார்கள், ஆனால் தொங்கவிடும் ரப்பர்மேலும் அதே பெயின்ட் தெறித்திருந்தது. வண்டியிலிருந்து கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். கிளாம்ப் போல்ட்டின் துருவில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பெயின்ட்டை நகத்தால் சுரண்டியதும் அடிவயிற்றில் நீளமான பழைய உரசல் தெரிந்தது. கார் வாங்கும்போது எடுத்த அடிப்பாகப் படங்கள் என் போனில் இருந்தன. அதே இடம், அதே உரசல். என் பழைய சைலன்சருக்கே வெள்ளி பூசி, அதை எனக்கே புதுசு என்று விற்றிருக்கிறார்கள். முதல் நாள் ஓட்டியபோது புகையோ எண்ணெய் கருகும் வாடையோ வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புது சைலன்சர் முதல் சூட்டில் கொஞ்சமாவது நாறும். "கயிறு அறுந்ததுக்குக் கிணத்த மாத்தச் சொன்னாங்க. அதையும் மாத்தல பாரு" என்று சிரித்தார் பெரியவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்மோட்டார் வகைக் கார் வைத்திருப்பவர்களிடமும் இதே பாட்டைப் பாடுவார்கள். அங்கே ஸ்கேனர் நிஜமாகவே உதவும். ஆக்சுவேட்டர் டெஸ்ட் என்று ஒன்று இருக்கும், அதை உங்கள் கண்முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் முழுதாக ஆறிய பிறகு மோட்டாரைக் கழற்றித் தகட்டின் தண்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சிக்காமல் சுழன்றால் சைலன்சருக்கு ஒன்றும் ஆகவில்லை, மோட்டாரோ வயரோதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மோட்டார் இருந்தால் இடம் வலம் மாற்றி மாட்டலாம். கோளாறு மோட்டாரோடு சேர்ந்து இடம் மாறினால் மோட்டார்தான் போயிருக்கிறது. மோட்டார் தனியாகக் கிடைக்காது என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள், பார்ட் நம்பரை வைத்து நீங்களே தேடுங்கள். தண்டு நிஜமாகவே இறுகிப்போவதும் உண்டுதான். குறைந்த தூரமே ஓடி, மாதக்கணக்கில் நிற்கும் கார்களில் சைலன்சருக்குள் தங்கும் ஈரத்தால் துரு ஏறும். அப்படியானாலும் ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொறுமையாக அசைத்தால் பல சமயம் விட்டுக்கொடுக்கும். சாதாரண கிரீஸ் மட்டும் வேண்டாம், கருகிப் பிசினாகி நிலைமையை மோசமாக்கும்.

இன்னொன்று, நார்மல் மோடில் வால்வு சில சமயம் திறப்பதும் சில சமயம் மூடுவதும் கோளாறே இல்லை. இன்ஜின் சுழற்சி, கியர், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றைப் பார்த்து ஈசியு முடிவு செய்யும். ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் உறுமும் கார்களும் உண்டு. இதைக்கூடக் கோளாறு என்று சொல்லிக் காசு பார்க்கிற இடங்கள் இருக்கின்றன.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்குங்கள். வேலைக்கு விடும்முன் அடிப்பாகத்தைப் படம் எடுத்து, அந்தப் பாகத்தில் மார்க்கர் பேனாவால் சின்னதாக ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். எக்ஸாஸ்ட் என்றால் வெப்பம் படாத பிராக்கெட் ஓரத்தில் போடுங்கள், மற்ற இடத்தில் எரிந்துவிடும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, எந்த நிலையில் கோளாறு வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

படங்களோடு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். புது சைலன்சரை அவர்கள் வாங்கிய பில்லின் நகலையும் அதிலுள்ள பார்ட் நம்பரையும் காட்டச் சொல்லிக் கேட்டேன். அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. பில்லின் நகல் இதுவரை வரவில்லை. பணம் கார்டில் கட்டியதால் வங்கியிலும் ஆட்சேபம் பதிவு செய்துவிட்டேன், அதன் முடிவு வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.