தறிப் பஞ்சுக்கு நடுவில் ஒரு டெஸ்க்டாப்: 2019-இல் சேர்த்தது, இன்னும் ஓடுகிறது

2019 கடைசியில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் இது. ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி), ஒரு எஸ்எஸ்டி, போட்டோக்களுக்கென்று 2 டிபி ஹார்ட் டிஸ்க். கல்யாண ஆல்பம் டிசைன்தான் எனக்குப் பிழைப்பு. முகூர்த்த மாதங்களில் காலையில் ஆன் செய்தால் நள்ளிரவு தாண்டியும் ஓடும். இது எத்தனை வேகம், என்ன ஸ்கோர் என்றெல்லாம் இப்போது எழுதிப் பயனில்லை. சேலம் அம்மாபேட்டையில், இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும் தெருவில் வைத்து இத்தனை வருடம் உழைக்க வைத்தால் எது கெடும், எது கெட்ட மாதிரி நடிக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். நடிப்பதுதான் அதிகம்.

முதலில் பஞ்சு. தறிப்பட்டறையிலிருந்து பறக்கும் நூல் பிசிறு சாதாரணத் தூசு மாதிரி படியாது, பின்னிக்கொள்ளும். ஒரு மே மாதம் ஆல்பம் எக்ஸ்போர்ட் போட்டால் பாதியில் மெஷின் இழுக்க ஆரம்பித்தது. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்த்தால் ப்ராசஸர் 95 டிகிரியில் நின்றது. 3600-க்கு அதுதான் உச்ச வரம்பு; அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றினால் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, மேலே பார்க்க சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபேனை ஹீட்சிங்கிலிருந்து (ப்ராசஸர் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) பிரித்தபோது இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு வட்டமாக அடைத்திருந்தது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினால் ஒரே பாளமாக உரிந்து வந்தது. அதில் சிவப்பு நூல் ஒன்று தனியாகத் தெரிந்தது. பக்கத்துப் பட்டறையில் அந்த மாதம் ஓடிய பாவு நிறம். சுத்தம் செய்து, ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை மாற்றியதும் அதே எக்ஸ்போர்ட்டுக்கு 75-ஐச் சுற்றியே நிற்கிறது.

மேலிருந்து ப்ளோயர் அடிப்பது இந்த ஊருக்குப் போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது. ஃபேனைக் கழற்றியே ஆக வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். 3600 மாதிரி ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ப்ராசஸரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பேஸ்ட் காய்ந்து பிடித்திருந்தால், ஹீட்சிங்கை நேராக இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடியில் 1331 பின்கள், ஒன்று வளைந்தாலும் தலைவலி. கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுத்தால் வந்துவிடும்.

இப்போது கேபினட் முன்பக்கம் கொசுவலையை வெட்டி, காந்தப் பட்டையில் ஒட்டி மாட்டியிருக்கிறேன். காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று. உள்ளே அழுத்தம் அதிகமாக இருப்பதால் சந்து பொந்து வழியாகப் பஞ்சு நுழைவது குறைகிறது. வாரம் ஒரு தடவை வலையைத் துடைத்தால் போதும்.

அடுத்தது "டிஸ்ப்ளே வரல". ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் சுற்றும், மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். எனக்கு அவசர வேலை இருந்ததால் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாளே, "போர்டு போச்சுங்க சார், இதுக்கு இனிமே பழைய போர்டு தேடறது வேஸ்ட்டு, செட்டா மாத்திக்குங்க" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்து போர்டின் ஓரத்தைப் பார்த்தேன். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். டிராம் விளக்கு அணையாமல் எரிந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று போர்டே சொல்கிறது, கடையில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. ரேம் இரண்டையும் கழற்றி, தங்க நிறக் கால்களை வெள்ளை ரப்பரால் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஒன்றை மட்டும் ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். ஓரிரு முறை தானே ஆஃப் ஆகி ஆன் ஆனது. பலர் இங்கேதான் பொறுமை இழந்து சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அது ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம், விட்டுவிட வேண்டும். படம் வந்தது. அன்று ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடியதில் ஒரு பிழைகூட இல்லை. அந்த ரேம்தான் இன்றும் ஓடுகிறது.

போகிற போக்கில் ஒன்று: 3600-இல் உள்கட்டிய கிராஃபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயரைப் போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகினால் சாகும்வரை படம் வராது. கார்டில்தான் சொருக வேண்டும். "டிஸ்ப்ளே இல்லை" என்று என்னிடம் வந்த ஒரு மெஷினுக்கு மொத்த வைத்தியமே இவ்வளவுதான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது கரண்ட் விஷயம். கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூயரில் கெர்னல் பவர் 41 என்று வரும். அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழுந்தது என்பதற்குமேல் அந்த 41 எதையும் சொல்வதில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் மின்சாரம் இல்லாமல் முழு லோடில் சுமார் 16, 17 மில்லி நொடிதான் தாங்கும். இன்வெர்ட்டர் சாதா மோடில் அதைவிட மெதுவாக மாறும். என் இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோடுக்கு ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது, அதைத் தள்ளியதோடு ரீஸ்டார்ட் நின்றது. செலவு ஒரு ரூபாய் இல்லை. இன்வெர்ட்டர் கொடுக்கும் கரண்ட் ஸ்கொயர் வேவாக (கட்டம் கட்டமான அலை) இருந்தால், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடிக்கலாம். புதிதாக வாங்குகிறவர்கள் வீட்டுக் கரண்ட் மாதிரியே வழவழப்பான அலை தரும் சைன் வேவ் பார்த்து வாங்குங்கள். தனியாக ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்பார்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரிலேயே போட்டிருந்தால் தேவையில்லை. சாயங்காலம் லோ வோல்டேஜில் ட்யூப்லைட் திணறும்போதும் என்னுடையது கவலைப்பட்டதில்லை.

எர்த் தனிக் கதை. வெறுங்காலோடு கேபினட் ஸ்க்ரூவைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும், ஸ்பீக்கரில் இரைச்சல், நடுவேலையில் பென் டிரைவ் கழன்று கழன்று மாட்டும். டெஸ்டர் வைத்தால் கேபினட்டில் விளக்கு எரிந்தது. எலெக்ட்ரீஷியன் தம்பி பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணா, எர்த் ஓட்டை மட்டும்தான் இருக்குங்க, வயரே போகல" என்றான். எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களால் கேபினட் 230-இல் பாதி வோல்ட்டில் மிதக்கும். மல்டிமீட்டரில் 110 சொச்சம் காட்டியது. கரண்ட் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது, ஆனால் ஆன் நிலையில் டிவியின் எச்டிஎம்ஐ வயரைச் சொருகினால் போர்ட் போக வாய்ப்புண்டு. உப்பும் கரியும் போட்டுப் புதுக் குழி எடுத்து வயர் இழுத்த பிறகு மூன்று தொல்லையும் ஒன்றாக நின்றன. கம்ப்யூட்டருக்குச் செய்த செலவுகளில் உருப்படியானது எது என்று கேட்டால் அந்தக் குழியைத்தான் காட்டுவேன்.

மற்றவை சின்னச் சின்னவை. பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள் இருக்கும் புரோகிராம்) தேதி பின்னுக்குப் போனால் சிஆர்2032 பேட்டரி மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி7 எண்ணைப் பாருங்கள். அது மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா வயர்தான் குற்றவாளி. 05, சி5 ஏறினால் டிஸ்க்கே கிளம்புகிறது என்று பொருள், உடனே காப்பி எடுங்கள். எனக்கு வயரோடு போயிற்று. கேபினட் ஃபேன் ஒன்று உறுமி நின்றதில் மாற்றினேன்.

இதே ஜாடையில் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கும் ஒன்று சேர்த்துக் கொடுத்தேன், மாமாவின் காபித் தோட்டக் கணக்குக்கு. 1500 மீட்டர் உயரம், மே மாதத்திலும் சூடு பிரச்சினையே இல்லை. அங்கே எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். ஒரு மாதம் ஆன் செய்யாமல் வைத்தால் ரேம் கால்களில் பச்சை பூக்கும். "மாப்ள, மறுபடியும் கண்ணைத் திறக்க மாட்டேங்குது" என்று மாமா போன் செய்தால் முதல் வைத்தியம் ரப்பர்தான். பீரோவுக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு போடும் பழக்கம் அங்கே உண்டு. கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறையிலும் ஒன்று போட்டோம். பழைய இழை பல்புதான் சூடு கொடுக்கும், எல்இடி போட்டுப் பயனில்லை. வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் ஓடவிடுவது அதைவிட நல்லது.

இடி இன்னொன்று. சித்திரை மழையில் பவர் பிளக்கைப் பிடுங்கியிருந்தும் போர்டின் லேன் போர்ட் கருகியது. நெட் வயர் வழியாக வந்த வேலை. போர்டை மாற்றவில்லை, யுஎஸ்பி லேன் அடாப்டர் மாட்டியதோடு சரி. இப்போது வானம் இருட்டினால் இரண்டு வயரையும் பிடுங்குகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் மெஷினை ஏற்றி இறக்கும்போது கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள், கேபினட்டைப் போர்டு அடியில் வரும்படி படுக்க வையுங்கள். மேலேயிருந்து குளிர்ந்த மெஷினைச் சேலத்துக்குக் கொண்டுவந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே வியர்த்திருக்கும், இரண்டு மணி நேரமாவது உலரட்டும்.

என்னுடையதில் இனி என்ன? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 3600 விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது, பயாஸில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்தால் ஏறிவிடும். அடுத்து ரைசன் 7 5700எக்ஸ் போடலாம் என்று இருக்கிறேன், சாக்கெட் அதேதான். அதற்கு முன் பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு எழாமலே போகலாம். அதனால் தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்வெர்ட்டர் பேட்டரி முழுதாக ஏறியபின் செய்யப்போகிறேன்.