சூப்பர் ஆடியோ சிடி பிளேயர் என்று நம்பி வெறும் சிடி பிளேயருக்கு 72,000 அழுதேன்: பழைய யுனிவர்சல் பிளேயர் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய யுனிவர்சல் பிளேயர் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் சென்னையில் வீட்டில் வைத்தே ஆடியோ சாமான் விற்கும் ஆட்களிடம் வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை, ஏழு வாரம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

வாங்கியது டிவிடி காலத்து ஜப்பானிய மாடல். சிடி, டிவிடி, டிவிடி ஆடியோ (பாட்டுக்கென்றே வந்த டிவிடி), எஸ்.ஏ.சி.டி. (அதுதான் சூப்பர் ஆடியோ சிடி, சிடியைவிட நுட்பமாகப் பதிந்த டிஸ்க்) எல்லாம் பாடும் என்று முகப்பிலேயே வரிசையாக முத்திரை அச்சடித்திருக்கும். மாடல் பெயரை எழுதவில்லை, எழுதினால் பழி தயாரித்த நிறுவனத்தின் மேல் போகும், தப்பு அவர்களுடையது அல்ல. 2018 ஏப்ரலில், இந்த வகை பிளேயருக்குப் பேர்போன ஒப்போ டிஜிட்டல் நிறுவனம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து இந்த மாதிரி எல்லாம் பாடும் பெட்டிகளுக்குக் கிராக்கி, பழசுக்கே யானை விலை, குதிரை விலை. இது ஜப்பான் நாட்டு 100 வோல்ட் பெட்டி இல்லை, நம் ஊர் 230 வோல்ட் தான் என்று பின்பக்கம் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த அளவுக்கு விவரமானவன்.

விற்றவர் வயதில் பெரியவர், நிதானமாகப் பேசுகிறவர். தரையில் கம்பளம், வால்வு ஆம்ப்ளிஃபையர், வந்தவுடன் ஃபில்டர் காபி. ஒரு ஜாஸ் டிஸ்க்கைப் போட்டு, ரிமோட்டில் ‘ப்யூர் டைரக்ட்’ பட்டனை அழுத்தினார். டிஸ்ப்ளே அணைந்தது. “டிஸ்ப்ளே எரிஞ்சா சத்தத்துல ஒரு கரகரப்பு ஏறும் தம்பி, எப்பவும் இதுலயே வைங்க.” இந்தப் பட்டன் ஒன்றும் அவர் கண்டுபிடிப்பு அல்ல, டிஸ்ப்ளேயும் வீடியோ சர்க்யூட்டும் அணைந்தால் ஒலி சுத்தமாகும் என்று சொல்லி நிறுவனங்களே வைத்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை, இன்னும் சொல்லப்போனால் மனுஷருக்கு விஷயம் தெரிகிறதே என்று மரியாதைதான் கூடியது.

அப்புறம் இரண்டாவது அறிவுரை: “சினிமா டிவிடி எல்லாம் போட்டு லென்ஸை வீணாக்காதீங்க, இது பாட்டுக்குன்னே பொறந்த மெஷின்.” மூன்றாவது, டிவிடி ஆடியோ போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டபோது: “அது செத்துப்போன ஃபார்மட் தம்பி, அதுவும் பி.சி.எம். தானே, டி.எஸ்.டி. கேட்ட காதுக்கு அது எதுக்கு?” பி.சி.எம். என்பது சிடியிலும் டிவிடி ஆடியோவிலும் ஒலியைப் பதியும் முறை, டி.எஸ்.டி. எஸ்.ஏ.சி.டி.யின் முறை. நானும் டி.எஸ்.டி. கட்சிக்காரன். 1999ல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்த அந்த ஒரு பிட், விநாடிக்கு 28 லட்சத்துச் சொச்சம் மாதிரிகள், அனலாகுக்கு மிக நெருக்கம் என்றெல்லாம் நண்பர்களிடம் மூச்சு விடாமல் பேசியவன். எனவே அவர் டிவிடி ஆடியோவை மட்டம் தட்டியதும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. 85,000 சொன்னார், 72,000க்கு முடித்தோம். ரொக்கம். பில் இல்லை.

மூன்று அறிவுரையும் ஒரே ஓட்டையை மூடத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் என்னிடம் இருந்த ஒன்பது எஸ்.ஏ.சி.டி.களும் ஹைப்ரிட் வகை. அதாவது ஒரே டிஸ்க்கில் இரண்டு அடுக்கு, கீழே எஸ்.ஏ.சி.டி., அதைத் தாண்டி உள்ளே சாதாரண சிடி. எந்த சிடி பிளேயரில் போட்டாலும் பாடும், அதுதான் அதன் வசதி, இங்கே அதுவே வினையாகிவிட்டது. ஒன்பதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வீட்டுக்கு வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்கவைத்தேன். ‘அந்த சிம்பல் தட்டின் ரீங்காரம் எவ்வளவு நேரம் நிற்கிறது பாருங்கள்’ என்று நான் சொன்னதை இன்றைக்கும் ஒரு நண்பன் எனக்குச் சொல்லிக் காட்டுகிறான்.

இடையில் இரண்டு இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். 5.1 பதிவு (ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனி ஒலி) உள்ள டிஸ்க் போட்டும் நடு ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தது. அவருக்கு போன் போட்டேன். “எஸ்.ஏ.சி.டி.யை ஸ்டீரியோவுலதான் கேக்கணும், 5.1 எல்லாம் தியேட்டர் சமாச்சாரம்” என்றார். இப்படிச் சொல்லும் ஆடியோ பிரியர்கள் நிஜமாகவே நிறையப் பேர் இருப்பதால் வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு நாள், டிஜிட்டல் கோஆக்சியல் கேபிளைப் புது டி.ஏ.சி.யில் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக்கும் பெட்டி) சொருகினேன், அதிலும் அருமையாகப் பாடியது, மகிழ்ச்சி. இதில்தான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். எஸ்.ஏ.சி.டி. அடுக்கின் ஒலியை அந்தக் கேபிள் வழியாக வெளியே விடக்கூடாது என்பது நகல் எடுப்பதைத் தடுக்க ஆரம்பத்திலேயே போட்ட கட்டுப்பாடு. அதனால்தான் அந்தக் காலத்து பிளேயர்களின் பின்னால் ஆறு அனலாக் ஜாக் இருக்கும், ஹெச்.டி.எம்.ஐ.யில் டி.எஸ்.டி. போக வழி வந்ததே 2005ல் வந்த 1.2 பதிப்பில்தான். கோஆக்சியலில் சத்தம் வந்தால் ஓடுவது சிடி அடுக்கு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

குட்டு வெளிப்பட்டது மச்சான் டோக்கியோவிலிருந்து வந்தபோது. அங்கே பழைய டிஸ்க் கடையில் எனக்காக ஒரு எஸ்.எச்.எம். எஸ்.ஏ.சி.டி. வாங்கி வந்திருந்தார். 2010ல் ஜப்பானில் வரத் தொடங்கிய வகை, ஒரே அடுக்கு, உள்ளே சிடி கிடையாது. போட்டேன். உள்ளே விர்ர் விர்ர் என்று இரண்டு தடவை சுற்றிவிட்டு அடங்கிவிட்டது. டிஸ்க் பழுது என்று நினைத்து மச்சானிடம் வேறு ‘உங்களை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சொல்லிவிட்டேன். அவர்தான், “அந்த டிஸ்ப்ளேயைக் கொஞ்சம் போடுங்க மச்சான், என்னதான் சொல்லுது பாப்போம்” என்றார். ‘நோ டிஸ்க்’. என்னுடைய ஹைப்ரிட் ஒன்றைப் போட்டோம். நீல எழுத்தில், பளிச்சென்று, ‘சிடி’. அடுத்தது, ‘சிடி’. ஒன்பதும் ‘சிடி’. மெனுவில் எஸ்.ஏ.சி.டி. அடுக்கையே முதலில் படி என்றுதான் வைத்திருந்தது.

ரிச்சி தெருப் பக்கம் இதெல்லாம் பார்க்கிற பையன் ஒருவனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் டிஸ்க் எதையும் கேட்கவில்லை, அலமாரியிலிருந்து கீறல் விழுந்த ஒரு படம் டிவிடியை எடுத்துப் போட்டான். ‘நோ டிஸ்க்’. “அண்ணா, ரெட் லேசர் செத்துப்போச்சு.” இந்த பிக்கப்பில் (டிஸ்க்கைப் படிக்கும் தலை) இரண்டு லேசர். சிடி படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கும் எஸ்.ஏ.சி.டி.க்கும் 650 நானோமீட்டர் சிவப்பு. ஹைப்ரிட் டிஸ்க்கின் எஸ்.ஏ.சி.டி. அடுக்கு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும், அகச்சிவப்பை உள்ளே சிடி அடுக்குக்கு விட்டுவிடும். சிவப்பு செத்தாலும் பெட்டி பாட்டுக்கு சிடியைப் பாடிக்கொண்டிருக்கும். சினிமா டிவிடி போடாதீங்க என்றது ஏன் என்று இப்போது புரிகிறதா?

மூடியைக் கழற்றினான். திருகுகளின் தலையில் ஏற்கெனவே ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய தழும்பு. பிக்கப்பின் ஓரத்தில் கடுகளவு ஒரு திருகு, லேசருக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்க. அதன் மேல் ஆடாமல் இருக்க வைத்திருந்த பெயின்ட் பொட்டு இரண்டாக வெடித்து, கோடு கோணலாக நின்றது. சாகக் கிடக்கும் லேசருக்குக் கரண்டை ஏற்றிவிட்டால் சில நாள் ஓடும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும் என்றான். யாரோ அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பெரியவருக்கு போன். முதலில் “உங்க ஏரியா கரண்டு சரியில்ல”, பிறகு “கொண்டுபோறப்ப ஆடியிருக்கும்”, கடைசியில் “ஏழு வாரம் நல்லா கேட்டீங்கல்ல?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நண்பர்கள் குழுவில் சொன்னதும் பி.சி.எம். கட்சிக்காரர்களுக்குத் தீபாவளி. ஒருவர் 2007ல் மேயர், மோரன் என்ற இருவர் பாஸ்டனில் செய்த சோதனையை எடுத்துப் போட்டார். எஸ்.ஏ.சி.டி., டிவிடி ஆடியோ ஒலியின் நடுவே சிடி தரத்துக்கு இறக்கும் ஒரு சர்க்யூட்டைச் சொருகி, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள், 554 முறையில் 276 தடவை சரி, காசு சுண்டிப் போட்ட மாதிரி. நான் 2016ல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் 52.3 சதவீதம் சரியாக வந்ததைச் சொன்னேன், பயிற்சி எடுத்தவர்களுக்கு இன்னும் கூடுதல் என்றேன். ‘நீ பயிற்சி எடுத்தவனா?’ என்று கேட்டார். சரி, விடுங்கள். எஸ்.ஏ.சி.டி. பேதம் கேட்குமா என்பது வேறு சண்டை, அதில் நான் இன்னும் கட்சி மாறவில்லை. அதே டிஸ்க்கில் இரண்டு அடுக்குக்கும் மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் செதுக்கும் வேலை) வேறாக இருப்பதும் உண்டு, அப்போது கேட்கிற வித்தியாசம் ஃபார்மட்டுடையதா மாஸ்டரிங்குடையதா என்று யாரும் பிரிக்க முடியாது. ஆனால் எஸ்.ஏ.சி.டி. பாடும் என்று காசு வாங்கினால் அது எஸ்.ஏ.சி.டி. படிக்க வேண்டும். என் காது மட்டம் என்பதால் அவர் செய்தது நியாயமாகிவிடாது.

வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு படம் டிவிடி எடுத்துப் போங்கள், எந்தப் படமானாலும் சரி. அது ஓடாவிட்டால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஓடினாலும் அதோடு விடாதீர்கள், ஒற்றை அடுக்கு எஸ்.ஏ.சி.டி. கிடைத்தால் அதையும் போட்டு, ஒரு டிஸ்க்கைக் கடைசிப் பாட்டு வரை ஓடவிடுங்கள், டிஸ்ப்ளே எரியட்டும், கரகரப்பு வந்தால் வரட்டும். ஆறு ஜாக்கிலும் சத்தம் வருகிறதா பாருங்கள். ‘கலப்படமில்லாத டி.எஸ்.டி.’ என்று யாராவது ஆரம்பித்தால், மெனுவில் ஸ்பீக்கர் தூரமும் பாஸ் ஒலியும் சரிசெய்யும் வசதியைப் போட்டதும் பல பெட்டிகள் டி.எஸ்.டி.யை பி.சி.எம். ஆக்கிவிட்டுத்தான் பாடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யூ.பி.ஐ.யில் பணம் கொடுங்கள், ரொக்கம் வேண்டாம்.

ரிச்சி தெருப் பையன் அந்த பிக்கப் இப்போது தயாரிப்பில் இல்லை, வருவதெல்லாம் நகல், அதைப் போட்டால் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டான். உங்களில் யாரிடமாவது டிரே உடைந்தோ பவர் சப்ளை போயோ பரணில் கிடக்கும் பழைய யுனிவர்சல் பிளேயர் இருந்தால் செய்தி அனுப்புங்கள், மாடலைத் தனியாகச் சொல்கிறேன். பிக்கப் மட்டும் போதும். ஆனால் முதலில் அதில் டிவிடி ஓடுகிறதை டிஸ்ப்ளேயோடு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும், தப்பாக நினைக்காதீர்கள்.