நெல்லை டவுண் பாத்திரப் பட்டறை: ஒடுக்கெடுப்பு, பற்றவைப்பு, ஈயப்பூச்சு

பழைய பித்தளைத் தவலை, சருவம், குடம் வைத்திருப்பவர்கள் நம்பிக் கொடுக்கக்கூடிய பட்டறை ஒன்று நெல்லை டவுணில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஊதுலைச் சத்தமும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியின் சத்தமும்தான் அடையாளம். ஒடுக்கெடுப்பு, அதாவது நசுங்கிய இடத்தை நிமிர்த்துவது, முதல் தரம். ஈயப்பூச்சு நன்று. பற்றவைப்புக்கு மட்டும் கூடவே நின்று சொல்லி வாங்க வேண்டும்.

ஒடுக்கெடுப்பை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், இங்கே சுத்தியலை எடுப்பதற்கு முன் பாத்திரத்தை அடுப்பில் வைக்கிறார்கள். பல இடங்களில் அப்படியே பச்சையாக அடித்து நிமிர்த்தி, பஃப் போட்டுப் பளபளப்பாக்கித் தந்துவிடுவார்கள். வாங்கும்போது தெரியாது, நாள் போனதும் அடித்த இடத்திலேயே மயிரிழை விரிசல் விடும். பித்தளை அடிக்க அடிக்க இறுகும். இறுகியதை மறுபடி இளக்க 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். தகட்டுப் பாத்திரத்துக்கு 550 பக்கம் போதும். நிழலில் வைத்துப் பார்த்தால் மங்கிய சிவப்பு தெரிகிற நேரம் அது. வெயிலில் வைத்துப் பார்த்தால் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது, சூடு தாண்டிவிடும். அதனால்தான் இந்தப் பட்டறையில் அடுப்பு இருட்டு மூலையில் இருக்கிறது. சூடு 700ஐத் தாண்டி நின்றால் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் (படிகங்கள்) பெருத்து, அடித்த இடம் சாத்துக்குடித் தோல் மாதிரி ஆகிவிடும். அதற்கும் மேலே போனால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அந்தப் புகை பாத்திரத்துக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. இரும்பைப் போலப் பித்தளையை ஆற ஆற விட வேண்டியதில்லை, தண்ணீரில் முக்கினாலும் இளக்கம் குறையாது.

காய்ச்சியபின் உள்ளே தாங்குகட்டை கொடுத்து, ஒடுக்கின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறார்கள். நடுவில் ஓங்கி ஒரு அடி போட்டால் தகடு நீண்டுவிடும், பிறகு எவ்வளவு தட்டினாலும் உட்காராது. கொட்டாப்புளி துள்ள ஆரம்பித்தால் நிறுத்தி மறுபடி அடுப்பு. ஆழமான ஒடுக்குக்கு இரண்டு மூன்று தடவை காய்ச்ச வேண்டிவரும். கறுப்பை எடுக்க நீர்த்த அமிலத்தில் போடுகிறார்கள். செம்புக் குறட்டால் எடுத்தால் சரி. இரும்புக் குறடு அமிலத்தில் பட்டால் கரைந்திருக்கும் செம்பு பித்தளைமேல் ஏறி ரோஸ் நிறத் திட்டு விழும். இந்தப் பட்டறையில் வேலை நெருக்கடி வந்தால் இரும்புக் குறடும் தலை காட்டுகிறது. திட்டு தெரிந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அடுப்பில் காய்ச்சுவதை இவ்வளவு வலியுறுத்துவதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. துப்பாக்கித் தோட்டாவின் உறை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளை. நம் தகட்டுப் பாத்திரத்துக்கு நெருங்கிய உறவு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டுப் பிளந்தன. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, காற்றின் ஈரம், குளிராக இழுத்து உருவாக்கியபோது உறைக்குள் தங்கிய இழுவிசை, மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். ராணுவத் தோட்டாவின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் தெரியும். கழுத்தைக் காய்ச்சிய அடையாளம் அது. குடத்தின் கழுத்தும் தவலையின் மடித்த விளிம்பும் இதே நிலையில் இருப்பவைதான். தொழுவத்தை ஒட்டிய அறையில் பித்தளையைப் போட்டு வைக்காதீர்கள். ஒடுக்கெடுத்து முடித்தபின் 260 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்தால் கெட்டித்தன்மை குறையாமல் உள்ளிழுவை மட்டும் தளரும். இங்கே வேலை முடித்த பாத்திரத்தை அணையும் அடுப்பின் சாம்பலில் வைத்துவிடுகிறார்கள். அளவு துல்லியமில்லை, ஆனாலும் சரியான பழக்கம். இதை ஈயம் பூசுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்.

குறை பற்றவைப்பில் இருக்கிறது. சிறு ஓட்டைக்குக் காரீயம் கலந்த பற்றைத்தான் கை தேடுகிறது. அது 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், பூச்சுச் சூட்டில் நிற்காது. ஆகவே பூச்சு முடிந்தபிறகு வைக்கிறார்கள். சமைக்கும் பாத்திரத்தின் உள்ளே காரீயம் வெளியே தெரிகிறபடி நின்றுவிடுகிறது. வெங்காரமும் (போராக்ஸ்) பித்தளைப் பொடியும் வைத்து ஊதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். விரிசலாக இருந்தால் அதன் இரு முனையிலும் 2 மில்லிமீட்டர் துளை போட்டுவிட்டு ஊத வேண்டும். இல்லையென்றால் விரிசல் பற்றைத் தாண்டி ஓடும்.

ஈயப்பூச்சில் குறை சொல்ல அதிகமில்லை. புளி போட்டுத் தேய்த்து, கழுவி, சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயக் குச்சியை இழுத்துப் பஞ்சால் ஓட்டுகிறார்கள். குச்சியைக் கேட்டு வாங்கி வளைத்துப் பாருங்கள். சுத்த வெள்ளீயம் காதருகே வைத்தால் நொறுநொறுக்கும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், தாளில் இழுத்தால் சாம்பல் கோடு விழும். இங்கே குச்சி சுத்தம். ஆனால் நவச்சாரத்தைக் கழுவுவதில் அவசரம் காட்டுகிறார்கள். அதிலிருந்தும் அமோனியா வரும். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் இரண்டு தடவை அலசித் துடைத்துக் காய வையுங்கள், முக்கியமாக விளிம்பு மடிப்பை.

பூசிய சருவத்தில் சொதி, ரசம், பாயசம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். வெறும் பாத்திரத்தை அடுப்பில் காய விடுவதும் அதிலேயே தாளிப்பதும் பூச்சைத் திரட்டி விடும். மர அகப்பை, தேங்காய் நார் போதும். கம்பி நார் வேண்டாம்.

கூலி பாத்திரத்தின் அளவையும் அன்றைய வெள்ளீய விலையையும் பொறுத்தது. முன்பே பேசிவிட்டால் பிறகு கூட்டுவதில்லை. வாய்ச்சொல்லாகச் சொன்ன நாளில் கிடைப்பது அரிது. மார்கழி பாதிக்குமேல் போகாதீர்கள்; பொங்கல் நெருக்கடியில் இரண்டு மூன்று தடவை காய்ச்ச வேண்டியது ஒரு தடவையாகக் குறைகிறது. ஆனித் தேரோட்ட நாட்களில் அந்தச் சந்துக்குள் தவலையோடு நுழையவே முடியாது. பாட்டி பெயரோ சீர் கொடுத்த வருஷமோ வெட்டியிருந்தால், பஃப் போட வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். எழுத்து மழுங்கினால் திரும்ப வராது. வெண்கலப் பானையை இங்கே ஒடுக்கெடுக்கக் கொடுக்க வேண்டாம். வெள்ளீயம் கூடுதலாகச் சேர்ந்த வார்ப்பு அது, அடி தாங்காமல் உடையும். பட்டறைக்காரர்களே அதை வாங்க மறுக்கிறார்கள்.