“10 ஜிபி கிராபிக்ஸ்” என்று சொல்லி லேப்டாப் விற்கிறார்கள், கவனம்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் லேப்டாப் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தம்பி தஞ்சாவூரில் வீடியோ எடுக்கிறான். எல்லாம் 4கே. எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளில். சென்னையில் ஒரு பெரிய கடையில் இதை விளக்கிச் சொல்லி, கிராபிக்ஸ் மெமரி 8 ஜிபிக்குக் குறையக் கூடாது என்று கேட்டோம். விற்பனையாளர் ஒரு மாடலை எடுத்து வைத்து, “இதுல 10 ஜிபியே இருக்கு சார்” என்றார். நம்பிக்கை வரட்டும் என்று, கம்ப்யூட்டரின் உள்நிலவரத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘ஜிபியு மெமரி 9.9 ஜிபி’ என்ற வரியையும் காட்டினார்.

அந்த வரிக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வரிகள் உண்டு. டெடிகேட்டட் 2.0, ஷேர்டு 7.9. கார்டுக்குச் சொந்தமான மெமரி அந்த 2 ஜிபிதான். மற்றது லேப்டாப்பின் ரேம். 16 ஜிபி ரேம் இருந்தால் அதில் ஏறக்குறைய பாதியை விண்டோஸ் கிராபிக்ஸ் கணக்கிலும் சேர்த்துக் காட்டும். இது தெரிந்தேதான் கூட்டுத்தொகையில் விரலை வைத்தார் அந்த மனிதர்.

நம்பி வாங்கிய லேப்டாப்பின் உள்ளே இருந்தது 2020-ல் வந்த என்விடியா ஜிஃபோர்ஸ் எம்எக்ஸ்330 கார்டு. டைம்லைனில் கலர் வேலை தொடங்கியதும் மெமரி நிரம்பிவிட்டது என்று ரிசால்வ் நின்றுவிடுகிறது. இன்னொரு கொடுமை, அந்தக் கார்டில் வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் என்கோடரே கிடையாது. எக்ஸ்போர்ட்டின்போது எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றும் வேலையை இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்தான் செய்கிறது. அதற்கு எதற்குத் தனிக் கார்டுக்குக் காசு?

கடையில் போய்க் கேட்டால், “சீல் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது. வேணும்னா கூடப் பணம் போட்டு வேற மாடல் எடுத்துக்கோங்க” என்கிறார்கள். முகூர்த்த சீசனில் பிள்ளை ராத்திரி முழுக்க முழித்து, பிராக்ஸி ஃபைல் (தரம் குறைத்த சிறிய நகல்) போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறான். பார்க்கவே வயிறு எரிகிறது.

நீங்கள் போகும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து டெடிகேட்டட் என்ற வரியை மட்டும் பாருங்கள். கார்டின் முழுப் பெயரையும் அந்த டெடிகேட்டட் அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். எந்தக் கார்டில் என்கோடர் இருக்கிறது என்ற பட்டியல் என்விடியாவின் இணையதளத்திலேயே இருக்கிறது. அப்புறம், ஆர்டிஎக்ஸ் 4060 என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. லேப்டாப்பில் அதே கார்டு 35 வாட் மின்சக்தியிலும் வரும், 115 வாட்டிலும் வரும். இரண்டின் வேகமும் ஒன்றல்ல. எத்தனை வாட் என்று கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் 1915-ல் புகார் கொடுத்துவிட்டோம், கடையின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.