நாக்கு அறுவைக்குப் பின் ஒரு பேச்சு, விழுங்கல் பயிற்சிப் பிரிவு

புற்றுநோயால் பாதி நாக்கை அகற்றி, முன்கைத் தோலை எடுத்து ஒட்டிய அறுவைக்குப் பிறகு, மூக்குக் குழாய் வழியாகவே உணவு இறங்கிக்கொண்டிருந்த என் அப்பாவைச் சென்னையிலுள்ள ஒரு மருத்துவமனையின் பேச்சு, விழுங்கல் பயிற்சிப் பிரிவில் சேர்த்தோம். பயிற்சி தந்த அம்மையார், "ஐயா, இன்றைக்கு ஒரு கரண்டி போதும்" என்று சொல்லி, முகவாயைத் தாழ்த்திக்கொண்டு கெட்டியான கூழை விழுங்கக் கற்றுக்கொடுத்தார். வாய்த்திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாய் இறுக்கமாகக் கருதுவார்களாம். அதனால் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, மெல்ல மெல்ல ஒவ்வொரு குச்சியாகக் கூட்டினார்.

காத்திருக்கும் நேரம் நீளம், அது குறைதான். ஆனால் அதே அறுவையிலிருந்து மீண்ட பெரியவர் ஒருவரை அவர்கள் அழைத்துவந்து அருகில் உட்காரவைத்தபோது, பல நாட்களாக எவரையும் நிமிர்ந்து பார்க்காத அப்பா, சிலேட்டில் கேள்விமேல் கேள்வியாக எழுதிக் காட்டினார். மூன்றாம் மாதத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.