பழைய வீட்டுச் சுவரைத் தொடாமல் போட்ட மரப்பந்தல்

எங்கள் தோட்டத்தில் மரப்பந்தல் போட்டுக் கொடுத்த தச்சுக் குழுவைப் பற்றிய மதிப்புரை இது. பந்தல் போட்டு ஒரு மழைக்காலம் முழுதாகப் போகட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். போயாயிற்று, அதனால் இப்போது எழுதுகிறேன்.

எங்களுடையது நூறு வயது தாண்டிய வீடு. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்ட் எங்கேயும் கிடையாது. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருப்பதால் தோட்டத்தில் நிரந்தரமாக எதை நிறுத்தினாலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது பின்பக்கம் உட்கார நிழலும் ஒரு கொடி ஏற இடமும்தான்.

முதலில் ரெடிமேட் பெர்கோலா (தூண்கள் மேல் சட்டங்கள் அடுக்கிய தோட்டப் பந்தல்) விற்கும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம் (பெயர் வேண்டாம்). ஒரு பக்கம் இரண்டு தூண், மறுபக்கம் வீட்டுச் சுவரில் கட்டையை வைத்து போல்ட் அடிப்பது என்று சொன்னார்கள். “ரெண்டு தூண் மிச்சம் சார், சுவர்தான் கெட்டியா இருக்கே” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் டிரில்லை எடுத்து ஓர் ஓட்டை போட்டுப் பார்த்தார். நான் தடுப்பதற்குள் சாந்து மாவு மாதிரி கொட்டியது. பதறிப்போய் நிறுத்தச் சொன்னால், அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். கொஞ்ச நாளிலேயே அந்த இடத்தைச் சுற்றி உப்புப் பூத்து, உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. சுரண்டி எடுத்து மறுபடி சுண்ணாம்பால் பூசியாயிற்று. ஆனாலும் அந்த இடம் மட்டும் நிறம் மாறித்தான் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

அப்புறம்தான் இந்தத் தச்சுக் குழுவிடம் போனோம். வந்தவுடன் தலைமைத் தச்சர் டேப்பை எடுக்கவில்லை, “உள்ளேயிருந்து எந்த ஜன்னல் வழியா தோட்டத்தைப் பார்ப்பீங்க?” என்றுதான் கேட்டார். நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, மேலே கயிறு கட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுப் போனார். இரண்டாவது நாளே கேட்டருகில் நின்று பார்த்தபோது தெரிந்தது, வீட்டின் அழகே அந்தப் பின் வளைவு ஜன்னல்தான், அதைக் கயிறு பாதியில் வெட்டுகிறது. உயரத்தை ஓர் அடி குறைத்து மூன்றடி தள்ளிப் போட்டோம். வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் கோட்டை விட்டிருப்போம்.

பந்தல் முழுக்கத் தன் காலிலேயே நிற்கிறது, வீட்டை ஓர் இடத்தில்கூடத் தொடவில்லை. கான்கிரீட் கொட்டாமல், மண்ணுக்குள் திருகி இறக்கும் எஃகுத் திருகுகள் மேல் தூண்களை நிறுத்தினார்கள். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான் ஓடும், அகலமாகக் குழி எடுத்தால் எங்கள் பழைய மரம் தாங்கியிருக்காது. ஓர் இடத்தில் கையால் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது கணுக்கால் தடிமன் வேர் வந்தது, உடனே தூணையே நகர்த்திவிட்டார்கள். தூண்களின் அடிமுனை தரையைத் தொடாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காலணியில் உட்கார்ந்திருக்கிறது, கீழே இரண்டு விரல் தாராளமாக நுழையும். தூண் மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான் என்பதால், ஒரு மழைக்காலம் கழிந்தும் அடியில் கறுப்பே இல்லாததைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. சட்டங்கள் துளையும் கழுந்துமாக, அதாவது ஒன்றின் துளையில் மற்றதன் செதுக்கிய முனையைச் செருகிக் கோத்தவை. போல்ட் வேண்டிய இடத்தில் அதுவும் ஸ்டெயின்லெஸ், ஏனென்றால் சாதாரண இரும்பு டானின் (மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள்) உள்ள மரத்தில் கருங்கறை ஏற்றிவிடும்.

ஒரு விஷயத்தில் தலைமைத் தச்சரோடு வாக்குவாதமே வந்தது. வீட்டு முன்தூணில் இருக்கும் வேலைப்பாட்டைப் பந்தல் தூணிலும் செதுக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். பழைய கட்டடத்தில் புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்தும், அதே சமயம் புதியது என்று கண்டுபிடிக்கும்படியும் இருக்க வேண்டும் என்பது பழைய கட்டடங்களைப் பேணுவதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964 வெனிஸ் சாசனத்திலிருந்தே வருகிற எண்ணம் என்று விளக்கினார். அப்போது எனக்கு ஏமாற்றம்தான். இப்போது சதுரத் தூண்கள் ஒதுங்கி நிற்க, கண் நேராக வீட்டுக்குப் போகிறது. அவர் சொன்னதுதான் சரி.

குறைகளும் உண்டு. அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் வீடும் பந்தலும் சேர்ந்து தெரியும் பக்கத்தோற்றம் இல்லாமல் விண்ணப்பம் திரும்பி வந்தது, அதில் இரண்டு மாதம் போயிற்று. இன்னொன்று, முதல் பெருமழையில் ஓர உத்தரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் மண்ணில் பட்டுத் தெறித்து, இரண்டடி தள்ளியிருந்த சுவரின் அடிப்பகுதியைச் சேறாக்கியது. கேட்டதும் வந்து அந்த ஓரம் முழுக்கச் சரளைக்கல் போட்டார்கள், காசு வாங்கவில்லை. ஆனால் இவ்வளவு யோசித்தவர்கள் இதையும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மற்றபடி நான் மறுபடியும் இவர்களைத்தான் கூப்பிடுவேன். வேலை முடிந்த அன்று ஒரு தாள் கொடுத்தார்கள். நாளைக்கு யாராவது இந்தப் பந்தலை எடுக்க நினைத்தால் எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது, எந்தச் சட்டத்தை எப்படி இறக்குவது, திருகை எந்தப் பக்கம் திருப்பினால் மண்ணிலிருந்து வெளியே வரும் என்று கையால் எழுதியிருந்தது. அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.