கம்புச் சண்டைக்கு எந்தக் கேமரா: கையில் ஏந்தியதா, நிலையாக நின்றதா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் சிலம்ப வகுப்பு மாணவர்களை வைத்து மூன்று நிமிடச் சண்டைக் காட்சி ஒன்றைப் படமாக்கினோம். கேமராவைக் கையில் ஏந்தி, நெருங்கிப் போய் எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதா, அல்லது ட்ரைபாடில் நிறுத்தி, இருவரின் முழு உடலும் தெரியும்படி நீண்ட ஷாட்டுகளாக எடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்து, இரண்டாவதையே வைத்துக்கொண்டோம்.

முதல் முறையின் பலம் எல்லோரும் அறிந்ததே: வேகம், பதற்றம், பயிற்சி குறைந்தவரையும் வீரராகக் காட்டும் வசதி. பால் கிரீன்கிராஸ் இயக்கிய 'தி போர்ன் அல்டிமேட்டம்' (2007) எடிட்டிங்குக்காக ஆஸ்கர் பெற்றது என்பதால், அதை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது.

ஆனால் சிலம்பக் கம்பு ஏறத்தாழ ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும். நெருங்கிய ஷாட்டில் அதன் இரு முனைகளும் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகின்றன. மேலும், அடி பிறப்பது காலில். பின்கால் சுழன்று, இடுப்பு திரும்பிய பிறகே அது மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது. தலைக்கு வந்த வீச்சை ஒரு மாணவி அரை அடி இடப்புறம் நகர்ந்து தடுத்தது, கையில் ஏந்திய கேமராவில் வெறும் மங்கலாகவும் சத்தமாகவும் பதிவாகியிருந்தது. விலகி நின்று எடுத்ததிலோ, கம்பு இறங்குவதற்கு முன்பே அவளுடைய குதிகால் தரையிலிருந்து எழுவது தெளிவாகத் தெரிந்தது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது, பார்ப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்பதுதான். நமீபியப் பாலைவனத்தில் பெரும்பகுதி எடுக்கப்பட்ட 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) மிக வேகமாக வெட்டப்பட்ட படம். அதை எடிட் செய்து ஆஸ்கர் பெற்ற மார்கரெட் சிக்செல் நம் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அவ்வளவு வேகத்திலும் குழப்பம் வராததற்கு முக்கியக் காரணம், இயக்குநர் ஜார்ஜ் மில்லர் பார்க்க வேண்டியதை ஃபிரேமின் நடுவிலேயே வைத்ததுதான். ஒவ்வொரு வெட்டிலும் கண் தேடி அலைய வேண்டியதில்லை. ஆகவே குற்றம் வெட்டில் இல்லை. எங்கள் கைக் கேமராப் பதிவில், கண் கம்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த ஷாட் வந்துவிட்டது.

நிலையான கேமராவுக்கும் ஒரு விலை உண்டு: தவற்றை மறைக்க இடமே கிடையாது. நாற்பது வினாடி ஷாட் ஒன்று பதினொன்றாவது முயற்சியில்தான் சரியாக அமைந்தது. மேலே படாமல் நின்ற அடி பட்டதுபோல் தெரிய, அடி வாங்குபவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்தோம். இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை.

கார் துரத்தலையோ துப்பாக்கிச் சண்டையையோ நான் எடுத்ததில்லை. பார்வையாளனாக மட்டும் சொல்வதென்றால், ஓடும் காருக்குள் இருப்பவரின் திணறலைக் காட்ட, கையில் ஏந்திய கேமராவே பொருந்தும் என்று தோன்றுகிறது.

அடுத்து, ஒருவரை மூவர் சூழும் காட்சியை எடுக்கவிருக்கிறோம். அதிலும் கேமரா விலகியே நிற்கும். வெட்டு மூன்றே இடங்களில், மூன்றிலும் கம்பின் முனை ஃபிரேமின் நடுவில் இருக்கும்படி ஒத்திகையைத் தொடங்கிவிட்டோம்.